டீலர் நேரில் வரவும்

கங்காவைத் ‘தாங்கள்’ என்று அழைத்து ஒரு கடிதம் அவள் உயிரோடு இருந்த இருபத்தேழு வருஷத்தில் வந்ததில்லை. முதல் கடிதம் வந்தபோது அவள் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

தென்கிழக்கு மூன்றாம் வரிவிதிப்பு வட்டத்திலிருந்து வந்திருந்தது. எதற்குத் தென்கிழக்கு என்பது அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. வெளிமாநில விற்பனைக்காகத் தாங்கள் தாக்கல் செய்த பதினொரு சி படிவங்களும் ஏற்கத்தக்கவை அல்ல. தாங்கள் மே பதினான்காம் தேதி நேரில் ஆஜராகி அசல்களைக் கொடுக்க வேண்டும். தவறினால் தங்கள் இயந்திரம் ஜப்தி செய்யப்படும். கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். வடக்குப்பட்டில் தகரக் கொட்டகைக்குள் நின்ற ரப்பர் பிரஸ். அதில் சைக்கிள் பிரேக் கட்டை அடித்து லூதியானாவுக்கு அனுப்பினார்கள். பெண் பெயரில் கேட்டால் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்று வங்கியில் சொன்னதால் எல்லாத் தாளிலும் கங்காதான் உரிமையாளர். தாளைப் பொறுத்தவரை திருமலை, உரிமையாளரின் கணவன். அவனுக்கு ரப்பர் தெரியும், அவளுக்குத் தாள் தெரியும் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் மாதம் மஞ்சள் காமாலை வந்து பதினாறு நாளில் அவள் போனாள். பிரஸ் மிஞ்சியது. நான்கு ஆட்கள் மிஞ்சினார்கள். பிரஸும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று திருமலைக்குத் தெரியாது.

சி படிவம் என்பது இதுதான். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், வாங்கியவன் தன் ஊர் வரி அலுவலகத்தில் கும்பிடு போட்டு ஒரு படிவம் வாங்கி, நிரப்பி, விற்றவனுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் வரி நூற்றுக்கு நாலு. அனுப்பாவிட்டால் பத்து. ஒருவன் யோக்கியன் என்பதற்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் எழுதித் தரும் சாட்சி. லூதியானாக்காரர் பதினொன்றையும் தவறாமல் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் அசல் என்று ஒரு தாள், நகல் என்று ஒரு தாள்.

அசலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கங்கா, அரை ஏக்கர் பட்டாவுக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பத்தில் பிறந்தவள். அசலை எவன் கையிலும் கொடுக்கக் கூடாது என்பதை அவள் நடக்கப் பழகும்போதே கற்றிருந்தாள். சர்க்கார் கேட்டால் நகல். நகல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்களும் வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். கொட்டகை ஒழுகும் என்பதால், அசல்களை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தாவீது புதிதாகத் திறந்திருந்த கடையில் லேமினேஷன் செய்து பீரோவில் வைத்தாள். ஒன்றுக்கு ஐந்து ரூபாய். அந்த வருஷம் அந்த ஊரில் லேமினேஷன் செய்யாத தாளை யாரும் தாளாக மதிக்கவில்லை.

மே பதினான்காம் தேதி திருமலை போனான். தலைமை எழுத்தர் சுப்பிரமணி இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரர். நிமிராமல் கேட்டார்.

“கங்கா ரப்பர் ஒர்க்ஸ். டீலர் வந்துக்கீறாங்களா?”

“நான் வந்துக்கீறேன் சார். வூட்டுக்காரரு.”

“டீலர் வரணும்னு போட்டுக்கீதே, படிக்கலயா?”

“அவங்க தவறிட்டாங்க சார். மார்ச்சுல.”

சுப்பிரமணி பேனாவைத் திறந்தார். அவர் முன்னால் இருந்த பதிவேட்டில் மூன்று பத்திகள். ஆஜர். ஆஜரில்லை. அவகாசம் கோரினார். மூன்றையும் ஒரு தடவை பார்த்தார். கருணையுள்ள மனிதர்.

“ஆஜரில்லைன்னு போட்டா அபராதம் வுழும். பாவம், பொம்பளை. அவகாசம் கேட்டாங்கன்னு போட்டுக்கறேன். பதினஞ்சு நாள் போதுமா?”

“எதுக்கு சார்?”

“அவங்க வர்றதுக்கு.”

“அவங்களால வர முடியாது சார்.”

“எல்லா டீலரும் இதத்தான் சொல்றாங்க. ஜப்தின்னதும் ஓடியாந்துடறாங்க.”

திருமலை இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தான். சுப்பிரமணி அதை மேலிருந்து கீழே வாசித்தார். முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார். ஓரத்தில் துளை போட்டுக் கோப்பில் கோத்து, மூலையில் 63 என்று எண் எழுதினார்.

“கரெக்டா கீது,” என்றார். “அசலுங்கள எடுத்துக்கினு வரச் சொல்லு.”

பதினைந்து நாள் கழித்துத் திருமலை அசல்களை எடுத்துக்கொண்டு போனான். குண்டு வெடித்து எட்டு நாள் ஆகியிருந்ததால் அந்த மாதக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் தெருவுக்கு நாலு போலீஸ் நின்றார்கள். பை வைத்திருந்தவனையெல்லாம் நிறுத்தினார்கள். ஒரு காவலர் படிவத்தை வாங்கி வளைத்துப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாய்யா இது?”

“சி ஃபாரம் சார்.”

“வெடிக்குமா?”

“தெரியல சார்.”

வணிக வரி அலுவலர் ரகுபதி தெற்கத்திக்காரர். பச்சை மைப் பேனா வைத்திருக்கும் உரிமை பெற்றவர். திருமலை வைத்த பதினொன்றையும் விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பியூனைக் கூப்பிட்டு ஒன்றின் குறுக்கே ‘ரத்து’ முத்திரையை அடிக்கச் சொன்னார். அடித்தான். ரகுபதி கட்டைவிரலால் துடைத்தார். முத்திரை அவர் விரலுக்கு வந்துவிட்டது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“படிவம் செல்லணும்னா அதை நாங்க செல்லாததா ஆக்கணும். குறுக்க ரத்துன்னு சீல் விழணும். ரத்தானாத்தான் ஏத்துக்கிட்டதா அர்த்தம். ரத்து பண்ண முடியாத படிவத்தை நான் எப்படி ஏத்துக்கிறது? மழையிலேருந்து காப்பாத்தினீங்க, சரி. எங்ககிட்டேருந்து எதுக்குக் காப்பாத்தினீங்க?”

“நகல் உங்ககிட்டயே கீதே சார். அதுல அடிக்கலாமே.”

“அசல் இல்லாம நகலுக்கு என்ன மதிப்பு?”

“அசல் இதோ கீது சார்.”

“இது அசல் இல்ல. இது பிளாஸ்டிக். உள்ள அசல் இருக்கலாம். இருக்கலாம்னு நான் உத்தரவு எழுத முடியாது.” நாற்காலியில் சாய்ந்தார். “பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் பாத்ததில்ல. நூறு ஊர்ல நூறு டீலர் ஃபாரம் வாங்காம ஏமாத்துவான், கள்ள ஃபாரம் அடிப்பான். உண்மையான ஃபாரத்தை வாங்கி, அதை யாராலயும் தொட முடியாம ஆக்கினது இவங்கதான். சென்னைக்கு விளக்கம் கேட்டு எழுதப் போறேன். டிரெயினிங் கிளாஸ்ல இதைச் சொல்லலாம். உங்க மனைவி பேரு நிலைக்கும்.”

“அவங்க இறந்துட்டாங்க சார். பக்கம் அறுபத்திமூணு.”

ரகுபதி பக்கம் அறுபத்திமூன்றைப் புரட்டினார். இரண்டு வினாடி மௌனமாக இருந்தார். அது அனுதாபம்.

“இறந்தது கங்காங்கற மனுஷி. டீலர் இறக்கல. டீலர்ங்கறது ஒரு நம்பர். ஏழு இலக்கம். நம்பர் எப்படிங்க சாகும்? சாகணும்னா வியாபாரம் நின்ன முப்பது நாளுக்குள்ள டீலரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கணும். அதுவும் பாக்கி இருந்தா சாக விட மாட்டோம். உங்களுக்குப் பாக்கி இருக்கு.”

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தவர் ராஜாமணி. வரி ஆலோசகர். உள்ளே போய் வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே கட்டணம் நிர்ணயிப்பார். திருமலை முகத்தில் ஒன்றும் இல்லாததால் பாதிக் கட்டணம் சொன்னார்.

“பிளாஸ்டிக்க உரிச்சுப் பாத்தியா தம்பி?”

பார்த்திருந்தான். தாவீது இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு படிவத்தின் மேல் வைத்து மெதுவாக உரித்தான். லூதியானா முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் பிளாஸ்டிக்கோடு வந்தன. கையில் வெள்ளைத் தாள் நின்றது. வேலை சரியாக வராததால் தாவீது காசு வாங்கவில்லை.

“அப்ப பத்து கீது,” என்றார் ராஜாமணி. “கேட்டுக்கோ. லேமினேஷன் பண்ண ஃபாரத்துக்கு ரூல் இல்ல. தொலைஞ்ச ஃபாரத்துக்கு ரூல் கீது. தொலைஞ்சுதுன்னா லூதியானாக்காரன் சிவப்பு மையில வேற எழுதித் தருவான். பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், ஸ்டேஷன்ல சர்டிபிகேட் வாங்கணும், டீலர் ஒரு பாண்டு எழுதித் தரணும். அவ்ளோதான். தொலைச்சிடு.”

“பீரோவுல வச்சிக்கினு தொலைஞ்சுதுன்னு எப்டிணே எழுதறது?”

ராஜாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ இன்னா, ஒழுங்கா தொலைக்கணும்ன்றியா? அப்ப போய் ஒழுங்கா தொலைச்சிட்டு வா.”

திருமலை பத்தையும் வடக்குப்பட்டு ஏரியில் வீசினான். மறுநாள் காலை ஆடு மேய்க்கும் ஞானம்மா பத்தையும் முந்தானையில் துடைத்தபடி கொட்டகைக்கு வந்தாள்.

“ஏரியில மெதந்துக்கினு இருந்துச்சுப்பா. போட்டோ மாதிரி கீதேன்னு எடுத்தேன். படிச்ச புள்ளகிட்ட காட்டுனா கங்கா பேரு போட்டுக்கீதுன்னுச்சு. பத்து கீதா, எண்ணிக்கோ.”

“கீது.”

“ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவல பாரேன். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. என் ரேஷன் கார்டயும் இப்டிப் போட்டுக் குடுப்பாங்களா?”

அடுத்து ஒரகடம் கூட்டுரோட்டில் ஓடும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினான். கண்டக்டர் திரும்பும் டிரிப்பில் கொண்டுவந்து கொடுத்தார். முகவரி அத்தனை தெளிவாக இருந்தது. மழையிலும் மங்காது, வெயிலிலும் சுருளாது, கிழிக்கவும் முடியாது. கங்கா எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை.

கடைசியில் பிரஸ்ஸைச் சூடேற்றி, பத்தையும் ரப்பரோடு சேர்த்து அச்சில் வைத்து அழுத்தினான். பிரேக் கட்டைகளாக வந்தன. எண்ணிக்கையில் சேர்த்து லூதியானாவுக்கு அனுப்பினான். இப்போது அவை உண்மையாகவே தொலைந்திருந்தன. ஸ்டேஷன் எழுத்தர் ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று எழுதித் தந்தார். எங்கே தேடினார் என்று திருமலை கேட்கவில்லை.

இதற்கிடையில் டீலர் இருக்கிறாரா இல்லையா என்று உறுதி செய்ய இடத்தணிக்கை நடந்தது. சுப்பிரமணி மொபெட்டில் கொட்டகைக்கு வந்தார். பிரஸ்ஸைச் சுற்றி வந்து அதன் எண்ணைக் குறித்தார். பக்கச் சுவரில் கங்காவின் படம் இருந்தது. மல்லிகை மாலை. கீழே சிவப்புச் சிறு விளக்கு.

“இவங்கதான் டீலரா?”

“ஆமா சார்.”

அவர் படத்துக்கு எதிரே நின்று வெகுநேரம் எழுதினார். போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பத்து நாளில் தணிக்கைக் குறிப்பின் நகல் தபாலில் வந்தது. ‘விதிப்படி உரிமையாளரின் புகைப்படம் தொழிலிடத்தில் அனைவரும் காணும்படி மாட்டப்பட்டுள்ளது. பூ, விளக்கு முதலியவற்றுடன் நன்கு பராமரிக்கப்படுகிறது. தணிக்கை நேரத்தில் உரிமையாளர் வெளியே சென்றிருந்தார்.’

பாண்டு மட்டும் பாக்கி. ராஜாமணி தட்டச்சு செய்து நீட்டினார். கீழே புள்ளிக் கோடு.

“இங்க கங்காம்மா கையெழுத்து வேணும்.”

“அவங்க…”

“தம்பி, ஆறு மாசமா அவங்க செத்துட்டாங்கன்னு நீயும் சொல்லிக்கினு கீற, எவனாவது கேட்டானா? நீ ஒருத்தன்தான் அவங்கள சாவடிச்சுக்கினு கீற. ஆபீஸ் முழுக்க அவங்க உயிரோடதான் கீறாங்க. ஒரு கையெழுத்துல மிஷின் நிக்கும். உனக்குத் தெரியாததா அவங்க கையெழுத்து?”

வீட்டுக்கு வந்து பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தான். ‘கா’வின் காலை அவள் மேல்நோக்கிச் சுழித்து விடுவாள். முதல் எட்டும் அவன் கையெழுத்தாகவே வந்தன. ஒன்பதாவது அவளுடையதாக வந்தது. அந்தத் தாளை அவனால் கசக்க முடியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பத்தாவதைப் பாண்டில் போட்டான்.

அதன் பிறகு எல்லாம் எண்ணெய் விட்ட பல்சக்கரம். அவகாசம் கேட்டுக் கங்கா எழுதினாள், கொடுத்தார்கள். விளம்பரம் கொடுத்தாள், போட்டார்கள். ‘மதிப்புக்குரிய அம்மையாருக்கு’ என்று தொடங்கி லூதியானாக்காரர் சிவப்பு மையில் பதினொரு படிவங்களை எழுதி அனுப்பினார். அவளுக்கு வந்த இரண்டாவது மரியாதையான கடிதம் அது. நவம்பரில் ரகுபதி பதினொன்றின் குறுக்கேயும் ‘ரத்து’ அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

“பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்? டீலர் ஒத்துழைச்சா எங்களுக்கு என்ன விரோதமா?”

உத்தரவில் இப்படி இருந்தது: ‘டீலர் நேரில் ஆஜராகி விளக்கம் அளித்தார். அவரது விளக்கம் திருப்திகரமாக இருந்தது.’ சுப்பிரமணி பதிவேட்டில் முதல் பத்தியில் குறி போட்டார். ஆஜர்.

இருபது நாள் கழித்துச் சென்னையிலிருந்து தணிக்கைக் குழு வந்தது. லேமினேஷன் விவகாரம் விளக்கம் கேட்டுப் போனதால், அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்டார்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். அறுபத்திமூன்றில் நின்றார்கள்.

திருமலைக்கு ஆள் வந்தது. ரகுபதி நிற்கவைத்துப் பேசினார். உண்மையாகவே புண்பட்டிருந்தார்.

“மார்ச்சுல செத்தவங்க அக்டோபர்ல எப்படிய்யா கையெழுத்துப் போடுவாங்க?”

“நான் சொன்னேனே சார். மொத நாளே சொன்னேன்.”

“சொன்னது வேற. எழுதினது வேற. நீ சொன்னதுக்கு எங்ககிட்ட பத்தி இல்ல. நீ எழுதினது இதோ இருக்கு. செத்தவங்க கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கட்டின மனைவி செத்தது உனக்குத் தெரியாதா? கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா? என் முகத்தைப் பாத்து எப்படி இதை நீட்டின?”

“நம்பர் சாகாதுன்னீங்களே சார்.”

“நம்பர் சாகாது. நம்பருக்குக் கை இருக்கா, கையெழுத்துப் போட?” கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “போலீஸுக்கு எழுதணும். எழுதினா, நேரில் ஆஜரானாங்கன்னு நான் போட்ட உத்தரவும் போகும். அதனால உன் மேல இரக்கப்பட்டு விடறேன். ஆனா படிவம் பதினொண்ணும் செல்லாது.”

“அதுல ரத்துன்னு அடிச்சிட்டீங்களே சார். அப்ப ஏத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?”

ரகுபதி அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“இப்ப நிஜமாவே ரத்து,” என்றார்.

டிசம்பர் பதினேழாம் தேதி பிரஸ் ஏலம் போனது. படப்பையிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரி எடைக்கு எடுத்தார். கொட்டகைக் கதவு அகலம் போதாமல் பக்கத் தகரத்தை உரித்தார்கள். படம் அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. சுப்பிரமணியே ஆணியோடு கழற்றி, துடைத்து, திருமலை கையில் பத்திரமாகக் கொடுத்தார்.

“டீலர் போட்டோ. கீழ வெக்காத.”

நான்கு ஆட்கள் மாலை வரை நின்றுவிட்டுப் போனார்கள். நாளைக்கு வரலாமா என்று அவர்கள் கேட்கவில்லை. பிரஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை சதுரமாக இருந்தது. திருமலை மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, கொட்டகைக்குப் போய், அந்தச் சதுரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்திருந்தான்.

ஜனவரி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது பதிவுத் தபால் வந்தது. வரி, அபராதம், ஏலச் செலவு, தமுக்கு அடித்த கூலி எல்லாம் போக ஏலத்தொகையில் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மீதி. ‘மேற்படி தொகையைப் பெற்றுக்கொள்ள, இந்தச் சீட்டின் அசலுடன், தாங்கள் தவறாமல் நேரில் வரவும். தங்களுக்குப் பதிலாக வேறு எவர் வந்தாலும் வழங்கப்பட மாட்டாது.’ பச்சைக் கையெழுத்து.

சீட்டோடு அலுவலகத்துக்குப் போனான். சுப்பிரமணி படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

“பரவால்லயே, மீதி வந்துக்கீது. எங்க ஆபீஸ்ல ரீபண்டு வர்றது அபூர்வம். அவங்கள வரச் சொல்லு.”

“அவங்க செத்துட்டாங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே சார். அதுக்குத்தானே மிஷின எடுத்தீங்க.”

“அது கையெழுத்துக்கு. கையெழுத்துக்குச் செத்துட்டாங்க. ரீபண்டுக்கு இன்னும் சாவல. பாக்கி தீந்துடுச்சு, நம்பர் சுத்தமா கீது. இப்பத்தான் டீலர் நல்லா கீறாங்க.” பதிவேட்டைப் பிரித்தார். மூன்று பத்திகள். “இன்னிக்கு வர்லயா? இன்னா போட்டுக்கட்டும்?”

திருமலை மூன்று பத்திகளையும் பார்த்தான்.

“அவகாசம்,” என்றான்.

வெளியே வந்து, டீக்கடையில் ராஜாமணி கூப்பிட்டதைக் காதில் வாங்காமல், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போனான். தாவீது மெஷினைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். திருமலை சீட்டை நீட்டினான்.

தாவீது படித்துப் பார்த்தான். “அண்ணே, இது பணம் வாங்குற சீட்டு. போட்டுட்டா அப்புறம் சீல் ஒட்டாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“பணம் வராது.”

திருமலை சட்டைப் பையிலிருந்து மடித்த பில் தாள் ஒன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். பின்பக்கம் மேலே இருந்தது. ஒன்பது கையெழுத்துகள்.

“இது ரெண்டயும் போடு,” என்றான். “ஓரம் வெட்டாத.”